செட்டும் கட்டுமாக ஒரு வானம்

கானாடுகாத்தானில் எங்கள் உறவுமுறை ஆச்சி ஒருவர் வீடு. முகப்பு ஒரு தெருவில் என்றால் பின்கட்டு அடுத்த தெருவில் போய் முடியும். போன ஐப்பசி மழையில், மேலே இருந்த டிவி டிஷ் காற்றில் திரும்பிக்கொண்டது. சரிசெய்ய வந்த தம்பி ஏணியைத் தேடியபோது ஆச்சி தடுத்துவிட்டார். "ஏறினா ஓடு உடையும். போன தடவை உடைஞ்சதுக்கே இன்னும் மாத்து ஓடு கிடைக்கலை. கீழேயே, வளவுக்குள்ள வச்சிருங்க."

எனக்கு நம்பிக்கை இல்லை. நாலு பக்கமும் தாழ்வாரம் இறங்கி நிற்கிற வளவு அது. அண்ணாந்து பார்த்தால் தெரிவது சதுரமாக ஒரு துண்டு வானம். அந்தத் தம்பி கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தார், தென்கிழக்கே திரும்பி நின்றார், கையை ஏறக்குறையத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "கூரை மறைக்காது ஆச்சி. நம்ம ஊருக்கு சேட்டிலைட் உச்சிக்குப் பக்கத்துலதானே நிக்குது." கால் மணி நேரத்தில் படம் வந்துவிட்டது.

அவர் சொன்னதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரைக்குடி வட்டாரம் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 10 டிகிரி வடக்கே இருக்கிறது. தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15, நிலநடுக்கோட்டுக்கு மேலே 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. இங்கிருந்து பார்த்தால் அது அடிவானத்திலிருந்து 69 டிகிரி உயரத்தில், தென்கிழக்கில் இருக்கும். லண்டனில் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் டிஷ்கள் 25 டிகிரிதான் தலை தூக்கியிருக்கும். எதிர்வீடு உயரமாக இருந்தால் சிக்னல் போச்சு. நமக்கு அந்தக் கவலை இல்லை. வெயிலுக்கும் மழைக்கும் திறந்து வைத்த வளவு, 36,000 கிலோமீட்டர் தள்ளி நிற்கிற ஒரு கருவிக்கும் வழி விடுகிறது.

சரி, அங்கிருந்து என்னதான் வந்து சேர்கிறது? செயற்கைக்கோளில் ஒரு டிரான்ஸ்பாண்டரின் (கீழிருந்து வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) சக்தி நூறு, நூற்றைம்பது வாட் அளவில்தான் இருக்கும். முகப்பில் எரிகிற இரண்டு பழைய குண்டு பல்புக்கு ஆகும் மின்சாரம். அது நாடு முழுவதும் பரவி, இரண்டடி டிஷ்ஷில் வந்து விழும்போது, ஒரு வாட்டை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். அதைப் பொறுக்கி எடுத்து, டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. பெருக்கி, செட்-டாப் பாக்ஸுக்கு அனுப்புகிறது.

இந்த வறுமைதான் செயற்கைக்கோள் தொடர்பின் கதை முழுவதும். மேலே சக்தியைக் கூட்ட முடியாது, சூரியத் தகடு தருவதுதான் வருமானம். அலைக்கற்றையைக் கூட்ட முடியாது, அது உலகத்துக்கே பொதுச் சொத்து. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் இருக்கிற அந்த ஒற்றை வளையத்தையும் நீட்ட முடியாது. பூமி சுற்றும் அதே வேகத்தில் தானும் சுற்றி, பார்ப்பவர்களுக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரிய அந்த ஒரு உயரம்தான் ஒத்துவரும். புவிநிலை வளையம் என்பது இதைத்தான். வருமானம் கூடாத வீட்டில் செட்டும் கட்டுமாகக் குடித்தனம் நடத்துவதுபோல, இந்தத் துறையில் 'புதிய தொழில்நுட்பம்' என்று வருவதில் பெரும்பாலானது இருப்பதை வீணாக்காமல் செலவழிக்கும் வித்தைதான்.

தந்தி காலத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி 1870-71 வாக்கிலேயே போட்டாகிவிட்டது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் கடைகளுக்கும் ஊருக்கும் இடையே அவசரம் என்றால் தந்திதான். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் சுருக்கி எழுதுவார்கள். ஆனால் ரொம்பச் சுருக்கினால், ஒரு எழுத்து தப்பிப் போனால்கூட விலையே மாறிவிடும். ஆகவே தொகையை எண்ணிலும் எழுத்திலும் இரண்டு தடவை சொல்கிற எச்சரிக்கையும் தேவைப்படும். சுருக்கவும் வேண்டும், பிழை வந்தால் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கூடுதலாகவும் சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது?

1948-ல் கிளாட் ஷானன் இதற்கு ஒரு கணக்கு எழுதினார். ஒரு பாதையின் அகலமும் இரைச்சலும் தெரிந்தால், பிழையில்லாமல் அதிகபட்சம் எவ்வளவு செய்தி அனுப்பலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு என்று நிறுவினார். எல்லை இருக்கிறது என்று சொன்னாரே தவிர, அதைத் தொடும் வழியைச் சொல்லவில்லை. 1960-ல் ராபர்ட் கேலகர் என்ற மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வில், அந்த எல்லையை நெருங்கக்கூடிய, பிழை திருத்தும் ஒரு குறியீட்டு முறையைத் தந்தார். அன்றைய கணினிகளுக்கு அது தூக்க முடியாத சுமை. முப்பது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்தது. 1990-களில்தான் தூசி தட்டி எடுத்தார்கள். இன்று செயற்கைக்கோள் ஒளிபரப்பில் புழங்கும் டிவிபி-எஸ்2 முறையின் உள்ளே இருப்பது அந்தக் குறியீடுதான். பழைய முறையைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் செய்தியை, அதே அலைக்கற்றையில், அதே சக்தியில் அனுப்ப முடிந்தது. மேலே ஒரு ஆணிகூடக் கூட்டாமல் கிடைத்த லாபம்.

அதே முறையில் வந்த இன்னொரு புத்திசாலித்தனம் மழைக்கானது. டிவிக்குப் பயன்படும் கேயு பேண்ட் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். இணையத்துக்கு இப்போது அதிகம் எடுத்துக்கொள்ளும் கேஏ பேண்ட் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். அலை குட்டையாக ஆக ஆக, மழைத்துளி அதை விழுங்குவதும் சிதறடிப்பதும் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். நமக்கு ஒரு ஆறுதல்: டிஷ் நிமிர்ந்து பார்ப்பதால் மழைக்குள் அலை கடக்கும் தூரம் குறைவு. 25 டிகிரியில் சாய்ந்து பார்க்கும் டிஷ்ஷுக்கு அதே உயர மேகத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பாதை. ஆனால் நம் மழை லண்டன் தூறல் இல்லையே.

பழைய வழக்கம் என்னவென்றால், என்றோ பெய்யும் பெருமழையை மனதில் வைத்து வருஷம் முழுக்க நிதானமாகவே அனுப்புவது. எந்நேரமும் குடை விரித்தபடி நடப்பதுபோல. இருவழி இணையச் சேவைகளில் இப்போது டிஷ் தன் வரவேற்பு நிலையை மேலே சொல்லிக்கொண்டே இருக்கிறது. வெயில் நாளில் கடகடவென்று அடர்த்தியாகப் பேசு, மழை வந்தால் நிறுத்தி நிதானமாகச் சொல் என்று நொடிக்கு நொடி மாற்றிக்கொள்கிறார்கள். காரைக்குடியில் கொட்டும்போது காரைக்குடி டிஷ் மட்டும் மெதுவாகும், தேவகோட்டையில் வெயிலடித்தால் அங்கே வேகம் குறையாது.

அடுத்த பெரிய பாய்ச்சல் அலைக்கற்றையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. நம்மூர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் உச்சியில் ஒரே பெரிய ஒலிபெருக்கி கட்டினால் ஊர் முழுக்க ஒரே பாட்டுத்தான். தெருவுக்கு ஒரு சின்னப் பெட்டி வைத்தால், ஒவ்வொரு தெருவிலும் வெவ்வேறு பாட்டு ஓடலாம், பக்கத்துத் தெருச் சத்தம் அதிகம் கலக்காதவரை. பழைய செயற்கைக்கோள் இந்தியா முழுவதையும் ஒரே பீமில், அதாவது விளக்கொளிபோல் விரியும் ஒரே அலைவீச்சில் மூடியது. டிவிக்கு அது சரி, எல்லோருக்கும் ஒரே நிகழ்ச்சி. இணையம் அப்படியா? ஆளாளுக்கு வேறு வேறு. அதனால் நாட்டைச் சின்னச் சின்ன வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி பீம் அடிக்கிறார்கள். அடுத்தடுத்த வட்டங்களுக்கு வேறு வேறு அலைவரிசை, கொஞ்சம் தள்ளிப் போனால் மறுபடியும் பழைய அலைவரிசை. நாலு வண்ணத்தில் வரைபடம் தீட்டுவதுபோல. அடுத்த தடவை ஆத்தங்குடிக் கல் பாவிய கூடத்தில் நிற்கும்போது பூவும் கட்டமும் எப்படி மாறி மாறி வருகின்றன என்று பாருங்கள், இந்த ஏற்பாடு விளங்கிவிடும்.

இதில் நாம் வந்த தூரத்துக்கு ஒரு படம் போதும். 1981 ஜூன் 19-ல் ஏவப்பட்ட ஆப்பிள், இந்தியா கட்டிய முதல் புவிநிலைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். அதை மாட்டு வண்டியில் ஏற்றிச் சோதித்த புகைப்படம் உலகப் பிரசித்தம். சிலர் அதை ஏழ்மையின் அடையாளமாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை: ஆண்டெனா சோதனைக்குச் சுற்றிலும் உலோகம் இல்லாத வண்டி தேவைப்பட்டது, மரவண்டி சல்லிசாகக் கிடைத்தது, அவ்வளவுதான். 2018 டிசம்பர் 5-ல் பிரெஞ்சு கயானாவிலிருந்து போன ஜிசாட்-11-ன் எடை 5,854 கிலோ. பயனாளர்களுக்கு 32 பீம்கள், நொடிக்கு 16 கிகாபிட் திறன். 2024 நவம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில் போன ஜிசாட்-என்2 அதைவிட ஒரு டன்னுக்கு மேல் குறைவு, 4,700 கிலோதான். பீம்கள் அதே 32. திறன் மட்டும் நொடிக்கு 48 கிகாபிட். அகலமான கேஏ பேண்டுக்கு மாறியது இதில் பெரும்பங்கு. 32-ல் எட்டு குறுகலான பீம்களை வடகிழக்கு மாநிலங்களுக்கு ஒதுக்கினார்கள், மீதி 24 மற்ற இந்தியாவுக்கு. கேபிள் இழுக்க மலை தடுக்கும் இடத்துக்குக் கூடுதல் பங்கு. இது நியாயமான பங்கீடு என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனை பீம் வைத்தாலும் ஒரு குறை இருந்தது. எந்த பீமுக்கு எவ்வளவு என்பதைத் தரையிலேயே முடிவு செய்து பூட்டிவிட வேண்டும். ஒரு செயற்கைக்கோள் பதினைந்து வருஷம் உழைக்கும், அதற்குள் ஊர் மாறிவிடும். மாசி சிவராத்திரிக்கும் கல்யாண மாசத்துக்கும் மட்டும் நிறைந்து, மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளுக்கு வருஷம் முழுக்க ஒரே அளவு ஒதுக்கினால் யாருக்கு லாபம்? 2021 ஜூலையில் ஏவப்பட்ட யூடெல்சாட் குவாண்டம் இதற்கு ஒரு பதில். மேலே போன பிறகும் பீமின் வடிவம், திசை, சக்தி, அலைவரிசை எல்லாவற்றையும் மென்பொருளால் மாற்றலாம்.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிப் புவிநிலைச் செயற்கைக்கோள் தினமும் பூமியின் நிழலுக்குள் போய்வரும், அதிகபட்சம் 72 நிமிடம். அந்நேரம் பேட்டரிதான் சோறு போட வேண்டும். பேட்டரி கனத்தால் கருவிக்கு இடம் குறையும். காரைக்குடிக்காரர்களுக்கு மின்வேதியியல் அந்நிய விஷயம் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இங்கேதான் இருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரி ஆய்வு அங்கே அன்றாட வேலை. அதே மார்ச், செப்டம்பரில் சில நாட்கள் காலை பதினொரு மணியை ஒட்டி, நம் டிவியில் படம் சில நிமிடம் மங்கிப் போகும். அது பேட்டரியின் குற்றம் இல்லை. சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நின்று, தன் இரைச்சலால் அதன் முணுமுணுப்பை மூழ்கடிக்கிறது. ரிமோட்டைத் தட்டிப் பயனில்லை.

இதுவரை சொன்ன எதனாலும் தீராத ஒன்று தூரம். ஒளியின் வேகத்தில் போனாலும் மேலே ஏறி இறங்க கால் நொடி. கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. பேசும்போது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்து, ஒரே சமயத்தில் நிறுத்தி, "சொல்லுங்க", "இல்லை நீங்க சொல்லுங்க" என்று தவிக்கும் அந்த இடைவெளி. இதற்கு ஒரே மருந்து கீழே இறங்குவது. ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலும், ஒன்வெப் 1,200 கிலோமீட்டரிலும் சுற்றுகின்றன. ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் 36, 36-ஆக இஸ்ரோவின் எல்விஎம்-3 கொண்டுபோய் விட்டது.

தாழப் பறப்பவை நிற்பதில்லை. 550 கிலோமீட்டரில் இருப்பது நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 95 நிமிடத்தில் உலகைச் சுற்றிவிடும். நம் தலைக்கு மேல் சில நிமிடம்தான். ஒன்று மறைவதற்குள் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும். அதற்கு டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே இருக்க முடியாது. அதனால் தட்டையான பலகையில் நூற்றுக்கணக்கான குட்டி ஆண்டெனாக்களைப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் சிக்னலை இம்மி முந்தியோ பிந்தியோ கொடுக்கிறார்கள். தேர் வடத்தில் ஒரு பக்கத்தார் முந்தி இழுத்தால் தேர் மறுபக்கம் முகம் திருப்புமே, அதேபோல் அலை திரும்புகிறது. பலகை அசையாது. அந்தப் பலகையை வீட்டுக்காரர் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்ததுதான், என் பார்வையில், இந்தத் துறையின் கடந்த பத்து வருஷச் சாதனை. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டு அதற்குக் கிடைக்கவில்லை.

செட்டு என்ற கணக்கில் பார்த்தால் தாழ்வட்டப் பாதை பெரிய ஊதாரி. பூமியில் ஏழு பங்கு கடல், மூன்று பங்கு நிலம். ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை ஆளில்லாத கடல் மேல் கழிக்கின்றன. அதை ஓரளவு ஈடுகட்ட வந்ததுதான் செயற்கைக்கோள்களுக்கு இடையிலான லேசர் இணைப்பு. ரங்கூன் கடையில் கட்டிய பணத்துக்கு உண்டியல் சீட்டு எழுதிக் கொடுத்தால், அது கைமாறி ஊரில் பணமாகிவிடும். ரூபாய் மூட்டை கப்பல் ஏற வேண்டியதில்லை. கடலுக்கு மேல் இருக்கிற செயற்கைக்கோளும் செய்தியைப் பக்கத்தில் உள்ளதிடம் ஒப்படைத்து, தரைநிலையம் உள்ள இடத்தில் இறக்கச் சொல்கிறது. லேசருக்கு அலைக்கற்றை உரிமமும் வேண்டாம், கற்றை மிகக் குறுகலாக இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறும் இல்லை. மேகம் மட்டும்தான் எதிரி, வெற்றிடத்தில் மேகம் ஏது.

ஒளிவழித் தொடர்பைச் சோதிக்கும் கருவி ஒன்றை இஸ்ரோ ஜிசாட்-29-ல் அனுப்பியது. அந்த ஏவுதல் தேதி எனக்கு மறக்காது: 2018 நவம்பர் 14. கஜா புயல் வங்கக்கடலில் வந்துகொண்டிருந்ததால் ராக்கெட் கிளம்புமா என்று சந்தேகமாக இருந்த நாள். ராக்கெட் கிளம்பிவிட்டது. 16-ம் தேதி விடியுமுன் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து புதுக்கோட்டைப் பக்கம் ஏறியது. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. கைப்பேசி டவர் விழாத இடங்களிலும் டவரின் பேட்டரி தீர்ந்து, சிக்னல் ஒவ்வொரு கோடாக இறங்கிப் போனது. கீரமங்கலம் பக்கம் இருந்த சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. பைக்கில் போய் மரத்தை வெட்டி வெட்டி வழி செய்துதான் பார்த்தோம். அதே நேரத்தில் தலைக்கு மேலே நவீனச் செயற்கைக்கோள் ஒன்று நலமாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்று கையில் இருந்த சாதாரணக் கைப்பேசியே நேராக மேலே பேசியிருந்தால்? இப்போது பல நிறுவனங்கள் ஓடிக்கொண்டிருப்பது அதை நோக்கித்தான். கைப்பேசியின் ஆண்டெனா விரல் நீளம், சக்தியும் கொஞ்சம். அதைக் கேட்க மேலே இருப்பவரின் காது பெரிதாக இருக்க வேண்டும். 2015-ல் போன ஜிசாட்-6 ஆறு மீட்டர் குடையை விண்வெளியில் விரித்தது, சின்னக் கையடக்கக் கருவிகளோடு பேசத்தான். 2025 டிசம்பரில் எல்விஎம்-3 ஏற்றிச்சென்ற அமெரிக்க நிறுவனமொன்றின் புளூபேர்ட் செயற்கைக்கோள், 223 சதுர மீட்டர் ஆண்டெனாவை விரிக்கும் வகை. நம் வீடுகளின் முகப்பு, வளவு இரண்டையும் சேர்த்தால்கூட சில வீடுகளில் அத்தனை பரப்பு வராது.

ஆச்சிக்கு இந்தக் கதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னபோது அவர் கேட்டது வேறு. "அப்ப கோலாலம்பூர்ல இருந்து பேரன் போன்ல முகம் காட்டிப் பேசுறதும் இந்தத் தட்டு வழியாத்தானா?" இல்லை. அது ஊருக்குள் கண்ணாடி இழைக் கேபிளில் வந்து, சென்னைக் கரையிலிருந்து கடலடியில் போகிறது, ஏறக்குறைய அந்தப் பழைய தந்திக் கம்பி போன திசையில். "அட, அதே வழியா?" என்றார். பலரும் வெளிநாட்டு அழைப்பு என்றாலே வானத்தைக் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் நடக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யும் ஊரில் செயற்கைக்கோள் இணையத்துக்கு மாதக் கட்டணம் கட்டுவது தண்டம் என்றுதான் சொல்வேன். கடலில் இருக்கும் தொண்டிப் படகுக்கும், பறக்கும் விமானத்துக்கும், புயலுக்கு மறுநாளைக்கும் அது வேண்டும்.

பேரன் கேட்பதாக இல்லை. 2025-ல் ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் உரிமம் கிடைத்த செய்தியைப் படித்ததிலிருந்து, சேவை வந்ததும் வீட்டுக்கு ஒன்று போடலாம் என்கிறார். வளவுக்குள்ளேயே வைக்கலாமே, டிவி டிஷ் இருக்கிறதே என்றார். அங்கேதான் சிக்கல். நிற்கிற செயற்கைக்கோளுக்கு ஒரு துண்டு வானம் போதும், ஓடுகிறவற்றுக்கு அகன்ற வானம் வேண்டும். அதோடு இன்னொரு விதியும் உண்டு. புவிநிலை வளையத்தில் முன்னமே குடியிருப்பவர்களுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. அதனால் தாழ்வட்டக்காரர்கள் அந்த வளையம் தெரியும் பகுதியை ஒதுக்கிவிட்டு, மற்றத் திசைகளில்தான் டிஷ்களோடு பேச வேண்டும். வளையம் நம் ஊர் வானத்தில் எங்கே போகிறது? உச்சியிலிருந்து தெற்கே 12 டிகிரி சரிந்து. அதாவது வளவிலிருந்து அண்ணாந்தால் தெரிகிற அதே துண்டில்.

ஆகப் பலகை கூரை மேல்தான் ஏற வேண்டும். கூரையில் கைவைக்க எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும், பதினோரு புள்ளி, அதாவது பதினோரு குடும்பம். இருவர் மலேசியாவில், ஒருவர் அமெரிக்காவில், இரண்டு புள்ளிக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. "வானத்துல இடம் வாங்கிட்டாகளாம்ல," என்றார் ஆச்சி, "இங்க ஓட்டு மேல வாங்கட்டும் பார்ப்போம்."